எரிந்த போர்டில் போட்ட கையெழுத்து

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்களை ஜெயித்தான். பிளக்கைக்கூடத் துணி சுற்றித்தான் பிடுங்கும் அம்மாவின் பயத்தை ஜெயித்தான். நிறம் தெரியாதவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று திருப்பி அனுப்பிய இரண்டு தொழிற்கூடங்களை ஜெயித்து, மூன்றாவதில் சேர்ந்து, இன்று அங்கே தலைமை வடிவமைப்பாளனாக இருக்கிறான். பொறாமையை ஜெயித்தான் என்று மட்டும் எழுத மாட்டேன். அதனோடு அவன் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறான்.

நான் எட்டாவதோடு நின்றவள். சட்டைக் கம்பெனியில் காலர் வைத்துத் தைக்கிறேன். இங்கே எழுதியிருப்பது எல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் சொன்னதும், நான் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்ததும்தான்.

அவன் வேலை செய்யும் இடத்தில் சக்கர நாற்காலிகளுக்குச் சார்ஜர் செய்கிறார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே பேட்டரிக்குள் விட்டால் பேட்டரி பாழ். நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று பேட்டரியைப் பார்த்துப் பார்த்து, எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி என்பான் தம்பி. முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக, வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும்.

அங்கே இரண்டு வழக்கங்கள். சர்க்யூட்டை வடிவமைத்தவரின் பெயரை, அது பதிந்த போர்டின் மூலையில் வெள்ளை எழுத்தில் அச்சடிப்பார்கள். வெடித்துப்போன போர்டை வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஆணியில் மாட்டி, எரித்தவர் அதன்மேல் ஒரு பட்டை ஒட்டிக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி ஏழு வருஷம் மற்றவர்கள் வரைந்ததைத் திருத்தினான், சோதித்தான். அவன் பெயர் மூலையிலும் ஏறவில்லை, சுவரிலும் ஏறவில்லை. சுவரில் ஏறாததில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்புறம்தான் அவள் அங்கே புதிதாக வேலைக்கு வந்தாள். தம்பி அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. புதிய சார்ஜருக்கு ஆளுக்கொரு வடிவம் போடச் சொன்னார் முதலாளி. தேறியது அவளுடையது. தம்பி செய்த போர்டு இழுப்பறைக்குள் போனது. போதாக்குறைக்கு, அவளுடையதைச் சோதித்துச் சொல்லும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது.

வீட்டில் அவன் வயிறு எரிந்த எரிச்சலுக்கு நான் தனியாக அடுப்பு மூட்டவே வேண்டியதில்லை. அவள் சிரித்தால் குற்றம், இருமினால் குற்றம்.

"அக்கா, அவ சார்ஜர்ல ஒரே ஒரு லைட்டு. சார்ஜ் ஏறும்போது சிவப்பு, ஏறி முடிஞ்சா பச்சை. என்னைக் குத்திக் காட்டத்தான் வச்சிருக்கா."

"உனக்கு நிறம் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியுமாடா?"

"தெரியாது. தெரியாமலே இவ்வளவு பண்றா. தெரிஞ்சா என்னெல்லாம் பண்ணுவா?"

எனக்கும் பொறுக்கவில்லை. நான் தைத்த சட்டை எதிலும் என் பெயர் இருக்காது. தம்பியின் பெயராவது எங்காவது அச்சேறட்டும் என்றிருந்தவள் நான். அவள் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அரிசி அளவு என்றான். அரிசி அளவே அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அவளோடு பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் போர்டைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். சூடாக்கிப் பார்த்தான். மின்சாரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தான். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியும் பார்த்தான். அது அசரவில்லை. ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். சுவர் மின்சாரம் அலை அலையாக வருவது. அலை பூஜ்யத்தைத் தொடும் கணத்தில்தான் சர்க்யூட் தன் ஸ்விட்சைப் போட வேண்டும். பிந்தினால் பிழை. அதைத் திரையில் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். அந்தக் கருவியின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. சுவர் மின்சாரம் ஓடும் பக்கத்தில் அதை நேராக மாட்டினால் வெடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கனத்த பெட்டி வழியாகப் போர்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அந்தப் பெட்டி அங்கே ஒன்றே ஒன்று. அன்று அது அவள் மேஜைக்கு அடியில் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால், கொஞ்சம் நகரும்மா என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

தம்பி சொல்லவில்லை. பெட்டி இல்லாமலே கிளிப்பை மாட்டினான்.

டப்பென்று ஒரு சத்தம். கூடம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. முதலாளி டார்ச்சோடு வந்தார். மைக்ரோகண்ட்ரோலர் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு பள்ளம். மறுநாள் அவர் வாடிக்கையாளரிடம் மாதிரி காட்டியாக வேண்டும்.

"போர்டுலயே கோளாறுன்னா இப்பவே சொல்லிடு. நாளைக்கு உன்னோடதை எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

கிளிப் தெறித்து மேஜைக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்தவன் தம்பி மட்டும்தான். அவனுடைய போர்டு கைக்கெட்டும் இழுப்பறையில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

அந்த நேரத்தில் என்னடா நினைத்தாய் என்று பிறகு கேட்டேன்.

"அவ மூஞ்சியைப் பாத்தேன். தன் சர்க்யூட்ல எங்க தப்புன்னு மனசுக்குள்ளயே தேடிட்டு நின்னா. அதுல தப்பே இல்லைன்னு என்னை விட யாருக்குக்கா தெரியும்? அத்தனை நாளா நான்தானே தேடினேன்."

போர்டு நன்றாக இருக்கிறது, கிளிப்பை நேராக மாட்டியது நான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். அவர் டார்ச்சை அணைத்தார். இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது.

"பெட்டி எங்கிட்டதானே இருந்துச்சு அண்ணா, கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னா உன்கிட்ட பேசணுமே."

யாரோ சிரித்தார்கள். அவள்தான் என்று தம்பி இன்றுவரை சாதிக்கிறான்.

அவளிடம் இருந்த இன்னொரு மாதிரி மறுநாள் போய், ஆர்டரோடு திரும்பியது. அவள் பெயர் ஆயிரக்கணக்கில் அச்சானது. தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னதால் எரிச்சல் தணிந்துவிடும் என்று நினைத்தானாம்; தணியவில்லையாம். அடுத்த தொகுதியில் அவள் அந்த லைட்டை மாற்றினாள். சார்ஜ் ஏறும்போது மினுக்கும், ஏறி முடிந்தால் நின்று எரியும். யாருக்காக என்று அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அதற்கும் ஒரு பாட்டம் வயிறெரிந்தான்.

அவன் பெயர் போர்டின் மூலையில் ஏறியபோது, உன் பெயரைக் காட்டுடா என்று தொழிற்கூடத்துக்கே போனேன். புதிய போர்டைக் கையில் கொடுப்பான் என்று பார்த்தால், எதிர்ச்சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நடுவில் கருகிய ஒரு போர்டு தொங்கியது. பட்டையில் அவன் கையெழுத்து தெளிவாக இருந்தது: "போர்டில் பிழை இல்லை. பிழை என்னுடையது." கீழே முழுப் பெயர், அதற்கும் கீழே தேதி: 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.