எஞ்சின் நின்ன மத்தியானம்

வெயில்ல தார் ஷீட் உருகுற வாசனை தெரியுமா? ரோடு போடுற எடத்துல மூக்கப் பொத்திக்கிட்டுத் தாண்டுவோமே, அந்த வாசனை. அதுக்குள்ளயே சமைச்சு, சாப்பிட்டு, புள்ளையத் தூங்க வெச்சாங்க எங்க ஊர்ல...

2005 கோடை. மரக்காணம். சுனாமியில வீடு போன மீனவங்களுக்கு உப்பளத்தை ஒட்டி தற்காலிக ஷெட் போட்டுக் குடுத்திருந்தாங்க. சுவரும் தார் ஷீட், கூரையும் தார் ஷீட். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, வரிசையா. இத பிளான் போட்டவன் ஒரே ஒரு மத்தியானம் உள்ள உக்காந்து பாத்திருப்பானா?

நான் அப்ப உப்பளத்துல எஞ்சின் ஓட்டிட்டு இருந்தேன். கால்வாய்ல இருந்து பாத்திக்கு உப்புத்தண்ணி ஏத்துற, சக்கரம் வெச்ச டீசல் எஞ்சின். மே மாசம் அத நிறுத்தவே கூடாது. பாத்தி வறண்டா உப்பு கசந்துடும்.

சுனாமிக்கப்புறம் யாரோ வந்து எங்கள்ல கொஞ்சம் பேருக்குத் தீயணைக்க டிரெய்னிங் குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு மஞ்ச டி-ஷர்ட், ஒரு விசில். தண்ணி அடிக்க மோட்டார்? "அத லோக்கல்ல பாத்துக்குங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

லோக்கல்ல இருந்ததே நான் ஓட்டுற எஞ்சின்தான்.

அன்னிக்கு சமைக்கிற நேரம். ஸ்டவ் வெடிச்சு ஒரு ஷெட் பத்திக்கிச்சு. விசில் மேல விசில். நான் எஞ்சின்கிட்ட ஓடினா, வரப்பு மேல மொதலாளி குடையோட நிக்கிறாரு.

"டேய், அதுல கை வெச்ச... நாளையில இருந்து இந்தப் பக்கமே வராத."

கை நின்னுடுச்சு. அப்பா படுத்த படுக்கை. என் கூலியிலதான் வீட்ல அடுப்பு எரிஞ்சுது.

திரும்பிப் பாத்தேன். ஸ்டெல்லா அக்கா, எங்க மஞ்ச டி-ஷர்ட் டீம்தான், எங்க அளத்துல உப்பு சுமக்கிறவங்க. கொக்கிக் கம்பப் போட்டு ஒரு கூரையப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தாங்க. இன்னும் தீ பத்தாத கூரை. நெருப்பு தாவாம இருக்க நடுவுல ஒரு வீட்டப் பிரிச்சு சந்து விடணும்னு டிரெய்னிங்ல சொன்னாங்க. யார் வீட்டன்னு சொல்லல.

அக்கா பிரிச்சது அவங்க வீட்ட.

"இன்னாடா வேடிக்க பாத்துனு நிக்கிற? தள்ளிட்டு வா!"

எஞ்சின நிறுத்தினேன்.

நாலு பேரு சேந்து ஷெட் பக்கம் கால்வாய்க் கரைக்குத் தள்ளிட்டுப் போயி, அந்த உப்புத்தண்ணியவே பீச்சினோம். பாதி வரிசை போச்சு. உயிர் எதுவும் போகல. புகை அடங்கற நேரத்துல பயர் வண்டி வந்துச்சு... தூரம் அப்படி, அவங்களத் திட்டி இன்னா ஆகப் போவுது.

மறுநாள் காலையில வேலைக்குப் போயி நின்னேன்.

"நீ எதுக்குடா வந்த?"

ராத்திரி பூரா சேலையக் கூரையாக் கட்டி அதுக்குக் கீழ படுத்திருந்த ஸ்டெல்லா அக்கா, கூடையக் கீழ வெச்சாங்க. "அவன் இல்லன்னா நாங்களும் வாரல மொதலாளி."

"ஏம்மா, உன் வீட்ட நீயே பிரிச்சிட்டு எங்கிட்ட வந்து சண்ட போடுறியா?"

"நான் வீட்டயே பிரிச்சேன். நீங்க ஒரு எஞ்சின நிறுத்த மாட்டீங்களா?"

ஒவ்வொரு கூடையா கீழ வந்துச்சு. வெளைஞ்ச உப்பு பாத்தியில கெடக்குது, ஒரு மழை வந்தா எல்லாம் கரைஞ்சிடும். மொதலாளி வானத்தப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு.

"சரி, விசில் அடிச்சா போய்த் தொலைங்க. கொறையுற தண்ணிய அவன் சாயங்காலம் நின்னு ஏத்தணும்."

ஏத்தினேன். அந்தக் கோடை முழுக்க விசில் அடிச்சப்பல்லாம் ஓடினேன், பொழுது சாஞ்ச பெறகு நின்னு தண்ணி ஏத்தினேன். எரிஞ்ச ஷெட்டு கம்புங்க மேல, நாங்க பீச்சின தண்ணி காஞ்சு, வெள்ளையா உப்பு பூத்துக் கெடந்துச்சு. மொதலாளிகிட்ட ஸ்டெல்லா அக்கா, "அதுவும் உங்க உப்புதான், வந்து வாரிக்குங்க"ன்னாங்க.

இப்ப சென்னை பக்கம் ஒரு கம்பெனியில இருக்கேன். போன வாரம் பயர் டீமுக்குப் பேரு குடுத்தேன். சூப்பர்வைசர் சொல்றாரு, "ஷிப்ட் டைம்ல போனீங்கன்னா டார்கெட் அடி வாங்கும்பா."

"மிச்சத்த சாயங்காலம் நின்னு முடிச்சிட்டுப் போறேன் சார். அலாரம் அடிச்சா நான் ஓடத்தான் செய்வேன்"னேன்.

சொல்லிட்டு, பழக்கதோஷத்துல பின்னாடி திரும்பிப் பாத்தேன்...

லைன்ல எல்லாரும் குனிஞ்ச தல நிமிராம வேலை செஞ்சுட்டு இருந்தாங்க. ஒரு கூடையும் கீழ வரல.