மடியில் முடிந்த பியூஸ் கட்டை

“ஏளா, பத்தாங் கிளாஸ்ல எந்தப் பாடத்துல பீப்பா வருது?”

காசிம் மாமா கேட்ட கேள்வி இது. செம்பூரில் எங்கள் சால் குடியிருப்புக்கு விளக்கைச் சரிசெய்ய வந்தவர் இன்று பியூஸ் கட்டையைக் கழற்றி மீட்டர் பெட்டிமேல் வைத்தபோது மறுபடி காதில் கேட்டது. வெள்ளைப் பீங்கான் கட்டை. எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். “கோயி சோரி நஹீ கரேகா”, யாரும் திருடிவிட மாட்டார்கள் என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

அந்தக் கட்டையைத் தொட்டாலே எனக்கு, அப்பா வேலை பார்த்த, எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தாராவித் தோல் கிடங்கின் வாடை வந்துவிடும். அப்போதெல்லாம் மாதுங்கா பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். அந்த வாடையின் புண்ணியத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து போவேன்.

தோல் ஊறும் மரப் பீப்பாய் எங்கள் வீட்டைவிடப் பெரிசு. முன் அறையில் சுவிட்சைப் போட்டால் பின்னால் அது சுழலும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முதலாளியும் மோட்டார் பார்க்கும் காசிம் மாமாவும் போயிருக்கும் நேரத்தில்தான் அப்பா உள்ளே இறங்கிக் கழுவுவார். திரும்பி வந்ததும் மாமா, “உள்ள யாரு?” என்று குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் சுவிட்ச். அது வழக்கம். நாற்றம் தாங்காமல் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு இறங்குவதும் வழக்கம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா கேட்டார். அப்பா வெற்றிலை வாயோடு “ம்ம்” என்றார். பீப்பாய் சுழன்றது.

அலறல் கேட்டு மாமா உடனே நிறுத்திவிட்டார். ஆனாலும் அப்பாவின் வலது முழங்கை முறிந்தது; கட்டுப் பிரித்த பிறகும் கை நிமிரவில்லை. எங்கள் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமாவுக்கு அம்மாதான் டீ போட்டுக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. “மறுபடி அதுக்குள்ள எறங்குனா நான் ஊருக்குப் போயிருவேன்” என்றாள் அம்மா. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், அந்தத் திமிரோடு சொன்னேன்: “சத்தத்த நம்ப வேண்டாம் மாமா. பியூஸ் கட்டையப் புடுங்கிருங்க. எறங்குறவங்க மடியில முடிஞ்சுக்கிடட்டும்.”

அப்போதுதான் மாமா அந்தப் பீப்பாக் கேள்வியைக் கேட்டார். கேட்டாரே தவிர, வெள்ளிக்கிழமை தானே கட்டையைப் பிடுங்கி அப்பா கையில் கொடுத்துவிட்டுத்தான் தொழப் போனார்.

அப்பாவுக்கு மறதி. சில நாள் மடியில் கட்டையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவார். பின்னாலேயே மாமா மூச்சிரைக்க வருவார். “அண்ணாச்சி, கம்பெனியையே மடியில கட்டிட்டு வந்துட்டியளா?” மூன்று பேரும் சிரிப்பார்கள். அம்மா அவருக்கும் ஒரு தட்டு வைப்பாள்.

இன்று அந்தக் கிடங்கு இல்லை. பீப்பாய்ப் பலகைகள் யார் யார் வீட்டுக்கோ கதவாகிவிட்டன. மாமா ஊரோடு போய்விட்டார். வாடையும் என்னை விட்டுப் போய்விட்டது. பஸ்ஸில் இப்போது பக்கத்தில் ஆள் உட்காருகிறது.

அதே பஸ்ஸில்தான் போன வாரம் தாதருக்குப் போய் வயர்மேன் வகுப்பில் சேர்ந்தேன். பெண் நான் ஒருத்திதான். வேலையில் கை வைக்கும் முன் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் முதல் நாள் பாடமே தொடங்கியது. அன்று இரவே மாமாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: “மொதப் பாடத்துலயே வருது, மாமா.”