றாக்கையில் வைக்கப்பட்டவர்

நீலக் கோடு போட்ட கொப்பித் தாளில் இரண்டு பக்கக் கடிதம் அது. சாய்ந்த, நெருக்கமான ஆங்கிலக் கையெழுத்து. எழுதியவர் வன்னியில் இருந்த வயதான டொக்டர். இப்போது யாரும் பேச்சில் எடுக்காத பழைய ஆங்கிலச் சொற்களை அவர் சர்வசாதாரணமாக எழுதியிருந்தார். கடிதத்தைக் கொண்டுவந்தவர் ஒபர்வில்லியே என்ற புறநகரில் ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி இறக்குகிறவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு கையாலும் பிடித்து என் மேசையில் வைத்தார். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் ஐயா என்பார்கள். தெருவில் அவர் வந்தால் கடைக்காரர்கள் எழும்பி நிற்பார்கள். அகதி விண்ணப்பத்துக்குப் போகும் பத்திரங்களில் பாதியில் அவருடைய முத்திரைதான் இருக்கும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் சொல்லச் சொல்ல பிரெஞ்சில் டைப் அடிப்பது என் வேலை. அன்றும் அவர் நின்றபடியே கடிதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஆமி முகாமில் இந்த மனிதரை 'றாக்' செய்தார்கள், அமிலத்தால் முதுகை 'எட்ச்' செய்தார்கள் என்று டொக்டர் எழுதியிருந்தார். ஐயாவுக்கு றாக் என்றதும் எங்கள் வீடுகளில் சட்டி பானை அடுக்கும் றாக்கைதான் ஞாபகம் வந்தது. "றாக்கையில் வைக்கப்பட்டார். முதுகில் சித்திரம் பொறிக்கப்பட்டுள்ளது" என்று பிரெஞ்சில் சொன்னார். ஆளை ஏன் றாக்கையில் வைப்பார்கள் என்று கேட்டேன். ஆமிக்காரன் எதைத்தான் செய்யவில்லை, நீ அடி பிள்ளை என்றார்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அலுமாரியில் வைத்திருந்த தடித்த ஆங்கில அகராதியை எடுத்தேன். றாக் என்பதற்குத் தட்டு என்ற பொருளுக்குக் கீழே பழைய பொருள் இருந்தது: இழுத்து நீட்டுதல்; கை கால்களைக் கட்டி, மூட்டுக் கழலும்வரை ஆளை இழுக்கும் மரச்சட்டம். எட்ச் என்ற சொல்லின் வேர் தின்னக் கொடுத்தல். செப்புத் தகட்டை அமிலத்துக்குத் தின்னக் கொடுப்பார்களாம். அது தின்ற இடம்தான் கோடாகும். டொக்டர் அந்தத் தோளையும் முதுகையும் தொட்டுப் பார்த்து, மருந்து நிறுப்பதுபோல் சொல்லை நிறுத்து எழுதியிருக்கிறார். கொண்டுபோன சோற்றை நான் திறக்கவில்லை.

ஐயா வந்ததும் பக்கத்தைக் காட்டினேன். அவர் வாசித்தார். விளங்கிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அகராதியை மூடி, இருந்த இடத்தில் நேராக வைத்தார்.

"முத்திரை குத்தியாச்சு. என்ர பேப்பர் ஒண்டும் பிழையெண்டு இண்டைவரைக்கும் திரும்பி வந்ததில்லை. உனக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?"

எனக்கு வேலை வேண்டும். அப்பா பொண்டியில் எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தார். உறையை நானே ஒட்டித் தபாலில் போட்டேன்.

சில மாதங்களில் அண்ணையின் கேஸ் றிஜெக்ட் ஆகி வந்தது. அந்தக் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். விசாரணையில் தட்டு எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கிறார்கள். தட்டில் வைக்கவில்லை, கட்டி இழுத்தார்கள் என்றிருக்கிறார். முதுகில் உள்ள சித்திரத்தைக் காட்டச் சொன்னதும் சேர்ட்டைக் கழற்றியிருக்கிறார். அங்கே சித்திரம் இல்லை, வெந்த தழும்புதான். பத்திரமும் வாய்மொழியும் பொருந்தவில்லை, டொக்டரின் கடிதம் போலியாக இருக்கலாம் என்று முடித்திருந்தார்கள்.

"றாக்கை எண்டு நான் ஒரு இடத்திலையும் சொல்லேல்லையே தங்கச்சி. டொக்டர் அப்பிடி எழுதினவரோ?" என்று கேட்டார்.

ஐயா இருந்த உள் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் வடிவாகத் தெரியாது அண்ணை என்றேன். ஐயா வெளியே வந்து அவருடைய தோளில், அந்த வலது தோளில், கை வைத்தார். டொக்டருக்கு வயது போய்விட்டது, தடுமாறியிருப்பார், மேன்முறையீட்டில் மாற்றி எழுதினால் பொய் என்று நினைப்பார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். அதே பத்திரம் திரும்பவும் போனது. அதுவும் தோற்றது.

ஐயா இதைத் தேத்தண்ணிக் கடையில் பகிடியாகச் சொல்லிவிட்டார். கொஞ்சநாளில் தெருவில் அண்ணைக்கு 'றாக்கை' என்றே பெயர் விழுந்தது. ஒருநாள் கடை வாசலில் யாரோ அப்படிக் கூப்பிட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் லாச்சப்பலுக்கு வருவதில்லை.

ஐயா செத்து நாலு வருடம். செத்தவீட்டில் அவருடைய நேர்த்தியைப் பற்றி நானும் பேசினேன். இப்போது அலுவலகம் என்னுடையது, முத்திரையில் என் பெயர். போன மாரியில் அண்ணை படியேறி வந்தார். முடி நரைத்திருந்தது. பதினொரு வருடமாக விசா இல்லாமல், ஸ்தேனில் ஒரு அறையில் நாலு பேரோடு இருக்கிறாராம். புதிதாக ஒரு விண்ணப்பம் போட அதே கடிதத்தை நான் மொழிபெயர்க்க வேண்டும். வேறு கடிதம் எடுக்க டொக்டரும் உயிரோடு இல்லை.

நான் சொன்னேன். அகராதியைப் பார்த்தது, ஐயாவுக்குக் காட்டியது, உறையை ஒட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. இந்த முறை காசு வேண்டாம், சரியாகச் செய்து தருகிறேன் என்றுதான் வந்தது.

அவர் மேசையில் இருந்த கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை மகளுக்கு ஏழு வயது. இப்ப என்னோட கதைக்கிறேல்லை. அப்பா வேணுமெண்டுதான் தன்னை இங்க கூப்பிடேல்லையாம்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இடது கையால் ஜக்கெட்டைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். உதவ எழும்பினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இதை மொழிபெயர்க்க வேற ஆக்கள் இருப்பினம்தானே" என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் கீழே தெருவோடு கலக்கும்வரை நின்றேன். வெளியே கதிரையில் ஒரு பொம்பிளை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். உள்ளே வாங்கோ என்றேன்.