குப்புறக் கிடந்த நாட்கள்

பூசான் நகரத்தில், யோங்தோ மேட்டுத் தெருவில் இருந்த வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் பாதிப் பெண்கள் உடம்பு தேய்த்துக்கொள்ளப் போனார்கள். மீதிப் பேர் ஜோம்ரே பேசுவதைக் கேட்கப் போனார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே அவளுக்கு முதுகு தேய்க்கிற வேலை. ரெக்சின் போட்ட மேசைமேல் ஆளைப் படுக்கவைத்து, சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து கணுக்கால்வரை அழுக்கை உருட்டி எடுப்பாள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"அக்கா, திரும்பிப் படுங்க. அடேயப்பா, இந்த முதுகுல முள்ளங்கி விதைச்சா நாளைக்கே முளைச்சிடும் போலிருக்கே! வீட்டுக்காரர் தேச்சு விடறதில்லையா?"

"அந்த ஆளு என் முதுகப் பார்த்துப் பத்து வருஷம் ஆச்சு."

"முன்பக்கத்தையாவது பாக்கறாரா, அதுவும் கிடையாதா?"

வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கியிருந்த பெண்களெல்லாம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஜோம்ரே அடுத்ததை எடுத்துவிடுவாள்.

வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சமையலறையில் ரேடியோ, அறையில் டிவி, இரண்டும் சேர்ந்து ஓடும். குளியல்கூடத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு யார் வீட்டிலாவது கிம்ச்சி ஊறுகாய் போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். அதுவும் இல்லையென்றால், முகம்கூடச் சரியாகத் தெரியாத யாராவது செத்துப்போன வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். உல்சானில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் அவள் மகள் போரா, ஊருக்கு வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

"பத்து நிமிஷம் சும்மா உக்காரத் தெரியாதாம்மா உனக்கு?"

"சும்மா உக்காந்தா மண்டைக்குள்ள எலி ஓடுதுடி. உனக்கென்ன, உங்கப்பன் மாதிரி கல்லுப் பிள்ளையா பொறந்துட்ட."

போராவின் அப்பா ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் போனவர். இரண்டு தடவை திரும்பி வந்தார். மூன்றாம் தடவை, வேறொரு துறைமுகத்தில் குடும்பமாகிவிட்டது என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. அதைக்கூட ஜோம்ரே மேசையில் படுத்திருப்பவர்களிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிடுவாள்.

அவள் பிறவியிலேயே வாயாடி இல்லை. நம்ஹே தீவில், நெத்திலி காயப்போடுகிற ஒரு குடிசையில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். தங்கை மிரானுக்கு அப்போது ஏழு வயது. அப்பா அதற்கு முன்பே அதிகம் பேசமாட்டார்; அதற்குப் பிறகு அடியோடு வாயை மூடிக்கொண்டார். கடலைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பார். அந்த வீட்டில் கரண்டி கிண்ணத்தில் படுகிற ஓசைகூட இடி மாதிரி கேட்கும். மிரான் பயந்து போய், "அக்கா, எதாவது பேசேன்" என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். அன்றைக்கு ஆரம்பித்தாள் ஜோம்ரே. பக்கத்து வீட்டு நாய், வலையில் வந்த கோணல் மீன், வாத்தியார் மூக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பேசினாள். மிரான் சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள். பதினேழு வயதில் பூசானுக்கு வந்து செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்ததும், இரண்டு வருடத்தில் தங்கையையும் அழைத்துக்கொண்டாள். தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. தொழிற்சாலையை மூடிய பிறகு, அந்தத் தொண்டையோடுதான் குளியல்கூடத்துக்கு வந்தாள்.

மிரான் படித்தாள். கிம்ஹேயில் பேருந்து ஓட்டும் பியோ என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் மார்புப் புற்றுநோய் வந்து செத்துப்போனாள். தங்கையின் சாவை மட்டும் ஜோம்ரே எந்தக் கதையிலும் சேர்த்ததில்லை.

ஐம்பத்தொன்பதாவது வயதில் ஜோம்ரேயின் வலது கண்ணில் கரும்புள்ளிகள் பறந்தன. நீராவி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து அந்தக் கண்ணின் ஒரு பாதியில் திரை இழுத்த மாதிரி இருட்டியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுக்குமிழி ஒன்றை ஏற்றினார்கள்.

"அம்மா, இந்தக் குமிழிதான் திரையை அழுத்திப் பிடிச்சிருக்கணும். அதுக்குப் பத்து நாள் நீங்க தலையைக் குனிஞ்சே இருக்கணும். படுக்கறதும் குப்புறத்தான். சாப்பிடறதும் குனிஞ்சுதான். நிமிந்தீங்கன்னா கண்ணு போயிடும்."

"வாய் பேசலாமில்ல?"

"தாராளமா பேசுங்க."

"அப்ப சரி. கண்ணு போனா இன்னொண்ணு இருக்கு, வாய் ஒண்ணுதானே இருக்கு."

முதல் மூன்று நாள் ஆறு கட்டில் போட்ட பொது வார்டில் பொழுது போனதே தெரியவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள். யாருடைய முகமும் தெரியாது. காலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தாள். "பித்தவெடிப்புக்கார அக்கா, இங்க வாங்க. ஊதா செருப்புத் தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்குத் தட்டைக் கால், அவர நம்பி மலையேறப் போயிடாத." நர்சுகள்கூட வேண்டுமென்றே அவள் கட்டிலருகே வந்து காலை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போரா அறையின் நடுவே மெத்தையை விரித்து, முகம் புதைக்க வட்டத் தலையணை ஒன்றை வாங்கி வைத்தாள். லீவு கிடையாது, காலையில் சமைத்து வைத்துவிட்டு உல்சானுக்குப் போய் இரவு சாப்பாட்டுக்குத் திரும்புவாள். போகும்போது ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

தலையணை ஓட்டைக்குள் தெரிந்தது மஞ்சள் லினோலியம் தரை. அதில் ஒரு சிகரெட் சுட்ட வடு. அவ்வளவுதான் உலகம்.

முதல் நாள் போனை எடுத்துத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாள். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் வேலை நேரம். மீன் கடைக்காரி இரண்டு நிமிடத்தில் பேச்சை வெட்டினாள்.

"ஜோம்ரே, ஆளு நிக்குது, அப்புறம் பேசறேன்."

போன் அணைந்தது. 'அப்புறம் பேசறேன்' என்ற அந்த இரண்டு சொல் மட்டும் அணையவில்லை.

ரேடியோவில் யாரோ பாடினார்கள். சத்தத்தைக் கூட்டினாள். எத்தனை கூட்டியும் ஒன்றும் காதில் ஏறவில்லை. கையில் தேய்க்க முதுகு இல்லாமல், எதிரில் சிரிக்க ஆள் இல்லாமல், வெறும் சத்தத்துக்கு அத்தனை வலு இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினோரு வருடமாகக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தது உள்ளே வந்துவிட்டது.

அது மிரான் சாவதற்கு முந்தின வருடம், ஒரு வசந்தகாலப் பிற்பகல். குளியல்கூடத்தின் உடைமாற்றும் அறையில் ஏழெட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தாள். மிரான் போன் செய்தாள்.

"அக்கா, வர்ற வியாழக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

"வியாழக்கிழமையா? இரு இரு, மொதல்ல இதக் கேளு. இன்னைக்கு நூடுல்ஸ் கடைக்கார அம்மாவோட பல்செட்டு வெந்நீர்த் தொட்டியில விழுந்துடுச்சுடி. எல்லாரும் காலால தேடறாங்க. ஒருத்தி கத்தறா, 'ஐயோ என்னைக் கடிச்சிடுச்சு'ன்னு..."

சுற்றிலும் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிரானும் சிரித்தாள். கதை கால் மணி நேரம் நீண்டது. அதற்குள் மேசைக்கு ஆள் வந்துவிட்டது.

"சரிக்கா, நீ வேலையப் பாரு. அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜோம்ரேயும் கேட்கவில்லை. இலையுதிர்காலத்தில் நோய் தெரிந்தபோது அது கல்லீரல்வரை போயிருந்தது. பிப்ரவரியில் எல்லாம் முடிந்தது. சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, வந்தவர்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஜோம்ரேக்குத் திடீரென்று அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. கரண்டி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தாள். பக்கத்திலிருந்தவளிடம் உப்பைப் பற்றி ஏதோ கேட்டாள். அன்று தொடங்கி அந்த நினைவு தலைகாட்டும்போதெல்லாம் எதையாவது கேட்டாள், எதையாவது சொன்னாள்.

இப்போது கேட்பதற்கு யாரும் இல்லை. மூன்று நாள் அந்த வியாழக்கிழமை அவள் முதுகின்மேல் உட்கார்ந்திருந்தது. போரா வந்து, "ஏம்மா ஒண்ணுமே சாப்பிடல?" என்று கேட்டாள்.

"குனிஞ்சு தின்னா தொண்டையில இறங்கல" என்றாள் ஜோம்ரே. போராவுக்கு அம்மாவின் குரலே வேறாகக் கேட்டது. அன்றிரவே மிரானின் கணவர் பியோ சித்தப்பாவுக்குப் போன் செய்து, முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் பியோ வந்தார். ஒரு தூக்குச்சட்டியில் சிப்பிக் கஞ்சி. ஜோம்ரேயின் பார்வைக்கு எட்டியது அவருடைய சாம்பல் நிறக் காலுறை மட்டும்தான். கட்டைவிரல் பக்கம் அவரே தைத்த தையல்.

"மதினி, வலி இருக்கா?"

"வா மாப்பிள்ளை, உக்காரு. பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டு வந்துட்டியா? கஞ்சி யாரு வச்சது, நீயா? அப்ப அத மொதல்ல பூனைக்குக் குடு, அது பொழைச்சிருந்தா நான் குடிக்கிறேன்." பழக்கத்தில் வாய் ஓடியது. பிறகு தானாகவே நின்றுவிட்டது. பியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் எப்போதுமே பேசாதவர். அறை அமைதியானது.

அந்த அமைதியில் ஜோம்ரே கேட்டாள். "மாப்பிள்ளை. மிரான் சாகறதுக்கு முந்தின வருஷம், வசந்த காலத்துல... ஒரு வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கான்னு கேட்டா. எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

காலுறை லேசாக அசைந்தது.

"தெரியும்."

"சொல்லு."

"மார்புல கட்டி தட்டுப்பட்டுடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தா. எங்கிட்டயும் அப்பச் சொல்லல, நான் பயந்துடுவேன்னு. தனியாப் போகப் பயம். உங்களக் கூட்டிட்டுப் போகலாம்னு நெனச்சிருக்கா." அவர் விரல் காலுறைத் தையலை நெருடியது. "வாசல்வரைக்கும் போனாளாம். உள்ள போகாம திரும்பிட்டாளாம். வீட்டுக்கு வந்து துணி துவைச்சாளாம். இதெல்லாம் கடைசி மாசம் சொன்னதுதான்."

ஜோம்ரேயின் தோள்கள் அசையவில்லை. தலையணை ஓட்டையின் வழியே கண்ணீர் கன்னத்தைத் தொடாமல் நேராகத் தரையில் விழுந்தது. ஒரு சொட்டு, இன்னொன்று.

"வியாழக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை" என்றாள். "அரை நாள்தான்."

"அழாதீங்க மதினி, கண்ணுக்கு ஆகாது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அக்கா தானா கேட்டா மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனா. ஒவ்வொரு திதிக்கும் வருவீங்க, கேப்பீங்கன்னு பாப்பேன்." பியோவின் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை. "நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

பியோ எழுந்து கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் முகத்துக்குக் கீழே வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்தார். அவள் மூன்று கரண்டி குடித்தாள். நான்கு மணிக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அவ உங்க மேல கோவப்படல மதினி. அந்தப் பல்செட்டுக் கதைய எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஜோம்ரேக்கு அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்கமுடியாமல் போனது.

மீதி நாட்களை அவள் எப்படிக் கடத்தினாள் என்று யாருக்கும் தெரியாது. அணைத்துப் போட்ட ரேடியோவைப் பார்த்த போரா, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிவந்தாள்.

கட்டு பிரித்தபோது கண் பிழைத்திருந்தது, அரைப் பார்வையோடு. மூன்று மாதம் கழித்து ஜோம்ரே வேலைக்குத் திரும்பினாள். அழுக்கை இப்போது விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாய் பழையபடிதான். "கண்ணு பாதிதான் தெரியுது அக்கா, அதனால நீங்களும் பாதி குண்டாத்தான் தெரியறீங்க." தொட்டியில் சிரிப்பு எழும். ஆனால் மேசையில் படுத்திருப்பவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், ஜோம்ரேயின் பேச்சு பாதியில் நின்றுவிடும். கையும் நின்றுவிடும். "என்ன, என்ன சொல்ல வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்பாள். "தண்ணி கொஞ்சம் சூடா ஊத்துன்னேன், அவ்வளவுதான்" என்பார்கள். அந்தக் குரலின் அவசரம் சிலரைச் சங்கடப்படுத்தியது.

வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை விடுமுறையில் அவள் எந்த வீட்டுக்கும் கிம்ச்சி போடப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, கிம்ஹே மலையடிவாரத்தில் மிரானின் அஸ்தி வைத்திருக்கும் மண்டபத்துக்குத் தனியாகப் போனாள். கூட்டத்தோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் வந்துதான் பழக்கம். கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பானையும் ஒரு போட்டோவும். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "பஸ்ஸுல ஒரு கூத்து நடந்துச்சுடி" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். இருபது நிமிடம் இருந்திருப்பாள். எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மிரான் போட்டோவில் சற்றே வாய் திறந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பினவள் மாதிரி இருந்தாள். அடுத்த வரிசையில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு பேசிக்கொண்டு உள்ளே வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஜோம்ரேக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததற்காகவும் அவளுக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு சில செவ்வாய்கள் போனாள். சில செவ்வாய்களில் பஸ் நிறுத்தம்வரை போய், முடியாமல், மீன் கடைக்குப் போய் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தாள்.