வீட்டில் ஆணம், விடைத்தாளில் சொதி

பரமேஸ்வரி ரீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் மட்டக்களப்புச் சந்தையில் முருங்கையிலைக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வந்தவர் றஹீமா ரீச்சர். நாங்கள் மூவரும் நீண்ட காலம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள். "சேர், பரமேஸ்வரி ரீச்சர் மோசம் போயிட்டாவாம்" என்றார். காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்திருக்கிறார், பிறகு எழும்பவில்லை. கையில் இருந்த கீரைக் கட்டை வைத்துவிட்டு, வாங்க வந்தது எதையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு கூப்பிய கைகளாலும் எரியும் விளக்குகளாலும் நிறைந்திருந்தது. சாந்தமே உருவானவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று இன்னொருவர். யாரோடும் முரண்படாதவராம். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பற்றி எழுதுகிறார்கள் இவர்கள்? நான் அறிந்த பரமேஸ்வரி ரீச்சர் நியாயத்துக்காகச் சண்டை பிடித்தவர். சண்டை பிடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். செத்தவரைக் குளிப்பாட்டும்போது அவருடைய கோபத்தையும் சேர்த்துக் கழுவிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது பொய் சொல்லாதீர்கள்.

அவர் மனைப்பொருளியல் படிப்பித்தார், நான் தமிழ். ஒரு தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்துவதற்கு எங்கள் இருவரையும் ஒரே மண்டபத்தில் போட்டிருந்தார்கள். அவருடைய வினாத்தாளில் ஒரு சின்னக் கேள்வி: தேங்காய்ப்பாலில் மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து நீர்ப்பதமாகச் சமைக்கும் கறியின் பெயர் என்ன? புள்ளித்திட்டத்தில் இருந்த விடை, சொதி. பிள்ளைகளில் பெரும்பாலானோர் எழுதியிருந்தது ஆணம், இல்லாவிட்டால் பாலாணம். கீரையைக் குறுணியாக அரிந்து துருவிய தேங்காய்ப்பூவோடு சமைப்பதற்கு வறை என்று எழுத வேண்டுமாம். பிள்ளைகள் சுண்டல் என்று எழுதியிருந்தார்கள். விடைத்தாளில் பாடசாலையின் பெயர் இல்லை. ஆனால் எந்த வாவிக்கரைப் பிள்ளை எழுதியது என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

ரீச்சர் எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டே போனார். பிரதம பரீட்சகர் வந்து பார்த்துவிட்டு, புள்ளித்திட்டத்தின்படி திருத்தச் சொன்னார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். அவர் ஒன்றும் வெளியூர்க்காரர் அல்ல. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் வட்டைக்குள் வேலை செய்யும் தகப்பனுக்கு வரம்பால் நடந்து சோறு கொண்டுபோன பிள்ளை. அதனால்தான் ரீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்து, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டார்.

"வீட்டில சொல்றது வேற ரீச்சர், விடைத்தாள் வேற" என்றார் அவர்.

"அப்ப புள்ளைகள் வீட்ட வெளியில வைச்சிட்டா சோதினைக்கு வாறது? புள்ள பிழை எழுதல்ல சேர். வினாத்தாள்தான் இன்னும் மட்டக்களப்புக்கு வந்து சேரல்ல."

இதைச் சொல்லிவிட்டு ரீச்சர் சிவப்புப் பேனையை மூடி மேசையில் வைத்தார், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார், எழும்பி வெளியே போய்விட்டார். மிச்சத்தை வேறொருவர் திருத்தினார். ரீச்சர் போட்ட சரிகளுக்கு மேலேயே பிழை போட்டார்கள். தாயின் வாயிலிருந்து கற்ற சொல்லை எழுதியதற்காகப் பிள்ளைகளுக்குப் புள்ளி போயிற்று. ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாளும் ஒரு புள்ளியால் எதையும் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. வாகரைக்கு. 'சேவையின் தேவை கருதி' என்று அதில் எழுதியிருந்தது. யாருடைய தேவை என்று அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருட்டோடு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் கல்குடாவுக்குத் திரும்பும் சந்தி தாண்டி, வாழைச்சேனை தாண்டி, இன்னும் வடக்கே போய்ப் படிப்பித்துவிட்டு, பொழுதுபட வீடு வருவார். கணவர் இல்லாத வீடு, படிக்கிற மகன் குகன். மேல்முறையீடு செய்யுங்கள் என்று நான் சொன்னேன். போகிறேன், ஆணம் என்று எழுதுகிற பிள்ளைகள் அங்கேயும்தானே இருக்கிறார்கள் என்றார். பழிவாங்கியவர்கள் ஏமாந்துபோகட்டும் என்ற பிடிவாதமும் அதில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு தடவை தமிழ்த்தினப் போட்டி நடுவராக அந்தப் பக்கம் போனபோது, அவருடைய வகுப்பின் பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன். கடல் வந்து அள்ளிக்கொண்டு போன ஊர் அது. தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகள் அந்த வகுப்பில் பலர். காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். கஞ்சி என்றது ஒரு பிள்ளை. தேத்தண்ணீரில் தோய்த்த பாண் என்றது இன்னொன்று. வினோதா என்ற பிள்ளை எழும்பி, "அப்பா பாலாணம் வைச்சுத் தருவார்" என்றது. அப்பாவா சமைப்பார் என்று வகுப்பு சிரித்தது. ரீச்சருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சிரிக்கிற வாயெல்லாம் நாளைக்கு வீட்டில ஆணம் வைச்சிட்டு வந்து சிரியுங்க" என்றார். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பா எப்படி வைப்பார் என்று எல்லோருக்கும் சொல்ல வைத்தார்.

அதன் பிறகு கரும்பலகையில் எழுதினார். எங்களுக்குப் பாலாணம். றஹீமா ரீச்சர் வீட்டிலும் ஆணம்தான். யாழ்ப்பாணத்தில் சொதி, கடல் கடந்து திருநெல்வேலியிலும் சொதி. சிங்களவர் கிரி ஹொதி என்பார்கள். சொதி, ஹொதி என்று இரண்டையும் பிள்ளைகளைக் கொண்டு உரத்துச் சொல்ல வைத்து, கூடப்பிறந்த சொற்கள் போல இருக்கிறதா என்று கேட்டார். பொங்கலை நாங்கள் புக்கை என்பதையும், பாற்சோற்றைச் சிங்களவர் கிரிபத் என்பதையும் எழுதினார். எல்லாம் சரி, ஒன்றும் பிழையில்லை, நாலையும் தெரிந்தவன் நாலு வீட்டிலும் பசியாறலாம் என்றார். என் தமிழ்ப் பாடத்தில் நான் ஒரு நாளும் அப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தாய் யாழ்ப்பாணம். நாங்கள் மெதடிஸ்தர்கள், தகப்பனின் வேலை காரணமாக இங்கே வந்து தங்கிவிட்டோம். எங்கள் வீட்டில் அது எப்போதும் சொதிதான். என் மனைவி இறந்த கிழமை, வீட்டில் அடுப்பு மூட்டவும் எனக்கு மனமில்லாமல் இருந்தபோது, ரீச்சர் வாகரையிலிருந்து வந்த களைப்போடு சமைத்து, அடுக்குச் சட்டியில் கொண்டுவந்து வைத்தார். கூனி இறால் போட்டு, தேசிக்காய் பிழிந்து, சுடச்சுட. நாள்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடாத நான் அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து அழுதழுது தின்றேன். சொதி நல்லாயிருக்கிறது ரீச்சர் என்றேன். உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "உங்கட வீட்டில சொதி, எங்கட வீட்டில ஆணம். சாப்பிடுங்க சேர்" என்றார்.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். அவர் சொதிக்கு எதிரியல்ல. தன் சொல்லை மற்றவன் தலையில் கட்ட நினைத்தவரும் அல்ல. மற்றவனின் சொல்லுக்காகத் தன் பிள்ளைகளின் சொல்லுக்குப் பிழை போடாதே என்றார், அவ்வளவுதான். இந்தச் சின்ன நியாயம் விளங்காத பெரிய மனிதர்கள் எத்தனை பேர் நமக்கு.

இனி நினைவு மலரின் கதைக்கு வருகிறேன். குகன் இப்போது கனடாவில் இருக்கிறான், தாயின் காரியங்களுக்காக ஊருக்கு வந்திருந்தான். கனடாவில் தனியாகக் காய்ச்சலில் கிடந்த நாட்களில் தாய் அவனுக்குச் சமையல் சொல்லிக் குரல்பதிவுகள் அனுப்பியிருக்கிறார். அவற்றைச் சொல்லுக்குச் சொல் எழுதி, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஒரு மலராகப் போட்டுத் தாயை அறிந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. நல்ல பிள்ளை, நல்ல எண்ணம். அச்சுக்குப் போகுமுன் யாராவது பெரியவர் பார்த்துத் தந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறான். தானாக முன்வந்து பொறுப்பெடுத்தவர், ஓய்வுபெற்ற அந்தப் பிரதம பரீட்சகர்.

மலரை முப்பத்தோராம் நாள் காலையில்தான் பார்த்தேன். முகப்பில் ரீச்சரின் படம். உள்ளே அவருடைய சமையல். திறந்த பக்கத்தில் 'சொதி' என்று தலைப்பு. அடுத்த பக்கத்தில் 'வறை'. புக்கை 'சர்க்கரைப் பொங்கல்' ஆகியிருந்தது. பாலாணம் என்ற சொல்லை எல்லாப் பக்கங்களிலும் தேடினேன்; ஓரிடத்திலும் இல்லை. எந்தச் சொல்லுக்காக இந்தப் பெண் ஆண்டுக்கணக்காக வாகரைப் பஸ்ஸில் இடிபட்டாரோ, அந்தச் சொல்லை அவர் பெயரால் வந்த மலரிலிருந்தே பிடுங்கி எறிந்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். இப்போது எழும்பிப் போகவும் அவரால் முடியாது.

குகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் விளங்க வேண்டும், அச்சில் வருவது ஒழுங்கான தமிழாக இருக்க வேண்டும் என்று சேர் திருத்தித் தந்தார் என்றான். பழைய கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது, தாய் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. தொலைபேசியை எடுத்து என் காதில் வைத்தான். ரீச்சரின் குரல்.

"ஆணம் கொதிக்கக்குள்ள விட்டுட்டுப் போகாத மனே. பால் திரைஞ்சு போகும். பக்கத்தில நிண்டு ஆத்து."

மலரில் இது 'மிதமான தீயில் தொடர்ந்து கலக்கவும்' என்று இருந்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு விளங்காதாம். வெளிநாட்டில் இருந்தவனுக்குத்தானே அந்தத் தாய் சொல்லிக் கொடுத்தார். அவனுக்கு எல்லாம் விளங்கித்தானே சமைத்துச் சாப்பிட்டு எழும்பினான்.

மதியம் பந்தி. எனக்கு எதிர்வரிசையில் அந்தப் பெரியவர். பந்திக்கு முன்னர் அவர்தான் அஞ்சலி உரை நிகழ்த்தினார். ரீச்சர் கோபம் என்ற ஒன்றையே அறியாதவர் என்று அவரும் சொன்னார். பரிமாறிக்கொண்டு வந்தவர்களில் வினோதாவும் இருந்தார். அப்பா பாலாணம் வைப்பார் என்று சொன்ன அதே பிள்ளை, இப்போது ஆஸ்பத்திரியில் தாதி. லீவு போட்டுவிட்டு வந்து விடியற்காலையிலிருந்து சமையலில் நின்றிருக்கிறார். பெரியவர் முதல் சோற்றை முடித்துவிட்டார். பசியும் ருசியுமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை சோறு வாங்கி, நடுவில் குழி பறித்து, தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினார்.

"மகள், இன்னும் கொஞ்சம் ஆணம் விடுங்க."

அதுவரை தெரியாமல் செய்தார் என்றுகூட ஒரு சமாதானம் எனக்குள் இருந்தது. படித்துப் படித்து மறந்துபோனார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. பசிக்கும்போது அவர் வாயில் வருவதும் அதே சொல்தான். எழுதிய பிள்ளைகளுக்குத்தான் அது பிழை.

சாவீட்டுச் சோற்றில் கை வைத்துக்கொண்டு யாரும் சண்டை பிடிப்பதில்லை. நான் பிடித்தேன். பந்தி முழுவதற்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"மலரில அது சொதி, சேர்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு குகனைப் பார்த்தார். ஒழுங்கான தமிழ் ஒன்றும் வரவில்லை. வினோதா வாளியும் அகப்பையுமாக நின்றார். அவருக்கும் கதை தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. வாளியைச் சரித்து, குழி நிரம்ப விட்டார்.

"ஆணந்தான் சேர். சாப்பிடுங்க" என்றார்.

அவர் சாப்பிட்டார். குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. புள்ளி இழந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்திருக்கும். அவர்கள் எழுதும் விடைத்தாள்களும் யாரோ ஒருவருடைய மேசைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

ரீச்சர் கோபமே அறியாதவர் என்று இனி யாரும் எழுதவோ பேசவோ வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அதை ஆறவிடுவதாக இல்லை. நான் சாகும்வரை சொதி என்றே சொல்வேன், அது என் தாய் தந்த சொல். ஆனால் என்னிடம் உள்ள மலரில் அந்தத் தலைப்பைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'பாலாணம்' என்று எழுதினேன். பக்கத்தில் பெரிதாக ஒரு சரியும் போட்டேன்.