நட்சத்திரம் இல்லாத ரிப்போர்ட்

இரத்தப் பரிசோதனைக்கூட வேலை என்பது தெரிந்ததை விழுங்கிக்கொண்டு இலக்கத்தை மட்டும் நீட்டுவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

குளிசை முதலில்

சேவியர் அண்ணன் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்காரர், ஒரே தெருவில் குடியிருப்பவர். முகத்துவாரத்தில் மீன்பெட்டி தூக்குகிறார். எப்போதோ முறிந்து கம்பி வைத்த காலில் ஒரு புண், காய்ந்து காய்ந்து திரும்பக் கசியும். காய்ச்சல் வந்தால் பாமசியில் அன்டிபயோட்டிக் குளிசை வாங்கி விழுங்குவார். காய்ச்சல் விட்டதும் வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கூடத்துக்கு வந்து, உடம்பில் கிருமி இருந்தால் காட்டிக்கொடுக்கும் சீஆர்பீ என்ற இரத்தச் சோதனை பார்ப்பார். அது காய்ச்சலோடு ஏறி, மருந்தோடு மளமளவென்று இறங்கிவிடும் சாமான். அளவு மீறினால் எங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும்.

"குளிசைக்கு முதல் வாங்க அண்ணன், அப்பதான் உண்மை தெரியும்" என்றேன்.

"உண்மை எனக்கு எதுக்கு தங்கச்சி? நட்சத்திரம் இல்லாட்டித்தான் முதலாளி வேலைக்கு எடுப்பாரு."

இறங்காத இலக்கம்

ஒருமுறை கெஞ்சி ஈஎஸ்ஆர் என்ற இன்னொரு இரத்தச் சோதனையும் பார்க்க வைத்தேன். அது மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். சீஆர்பீ சுத்தம், ஈஎஸ்ஆர் உச்சத்தில். இதை மட்டும் வைத்து நோயை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பயந்துபோய்ச் சொன்னேன்: "இது நேற்று வந்த கிருமியாத் தெரியேல்ல அண்ணன். எலும்புக்குள்ள கனகாலமா இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஒரு நட்சத்திரத்த மட்டும் அழிச்சுத் தர ஏலாதா தங்கச்சி?"

பொறுப்பாளர்

எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்து ஐயா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இந்த வேலை போனால் அம்மா ஒழுங்கையில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டாள். அது அவருக்கும் தெரியும்.

"பிள்ளை, நீர் டொக்டர் இல்லை. நம்பரைக் குடும், நோயைக் குடுக்காதையும்."

கடைசி ரிப்போர்ட்

அதன்பிறகு அண்ணன் சீஆர்பீ மட்டும்தான் கேட்டார். ஆஸ்பத்திரிக் கதையை எடுத்தால் சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பிறகு வரவில்லை.

போன மாதம் அவருடைய மனைவி வந்தார். பொலித்தீன் பையிலிருந்து ரிப்போர்ட்டுகளைக் கவுண்டரில் ஒவ்வொன்றாக விரித்தார். அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். கிருமி எலும்பைத் தின்றுவிட்டதாம். ஈஎஸ்ஆர் பார்த்த அந்த ஒரு தாள் மட்டும் பையில் இல்லை.

"ஒண்ணுலயும் நட்சத்திரம் இல்லையே தங்கச்சி, அப்ப யாருட காலை வெட்டினாங்க?"

எங்கள் இயந்திரம் இதுவரை ஒரு பிழையும் விட்டதில்லை. கேட்டதை மட்டும் மிகச் சரியாக அளந்து கொடுத்திருக்கிறது.