நீங்க மொதல்ல பாருங்க

கழுத்திலிருந்து தொலைநோக்கியைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார் அரங்கசாமி. "நீங்க மொதல்ல பாருங்க." அவர் பார்த்ததும் அடுத்தவர், பிறகு அவருக்கும் அடுத்தவர். சுற்றி முடித்து அது தம் கைக்கு வரும்போது கிளை காலியாக இருக்கும். "போயிருச்சுங்களா? பரவால்லீங்க" என்று அதன் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுக்கொள்வார்.

சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேயும் இதே கதைதான். அவர் வீட்டு மோட்டார் எரிந்துபோய்ப் பல நாட்களாகப் பட்டறை மூலையில் கிடக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அவசரம் என்றால் மனிதர் என்ன செய்வார்! ஞாயிற்றுக்கிழமை ஆனால், எங்கள் பறவை பார்க்கும் கூட்டத்தோடு கோத்தகிரிக்கு வேன் ஏறிவிடுவார். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை காலுறை, கையில் எல்லோருக்கும் சேர்த்துத் தூக்குப்போசி நிறையத் தக்காளி சாதம்.

அவர் பார்க்க ஏங்குவது ஒரே பறவையை: கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் பழுத்த கமலாப்பழ நிறம். சிட்டுக்குருவியைவிடச் சிறிசு. சோலைக்காட்டு ஈரத்தில், புதருக்கடியில் பூச்சி பிடித்துக்கொண்டு, மெல்லிசாக ஒரு குரல் கொடுக்கும். எங்கள் கூட்டத்தில் அதைப் பார்க்காதவர் இவர் ஒருவர்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பறவை என்றாலே கொட்டாவி விடும் அவர் மனைவி கோமளா, ஒருமுறை குளிருக்கு ஆசைப்பட்டு எங்களோடு வந்தவர், வேனை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டையும் அந்தப் பறவையில்தான் போய் முடிகிறதாம். "நானே பாத்துபோட்டனுங்க. இவரு இன்னும் தேடீட்டு இருக்காருங்க" என்று என்னிடமே சொன்னார். அரங்கசாமியும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை. பாவமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னச் சதி செய்தேன். கூட்டத்தை டீக்கடையில் நிறுத்திவிட்டு அவரை மட்டும் சோலைக்குள் அழைத்துப்போனேன். தொலைநோக்கியை யாருக்கும் தரக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

"செரிங்க. ஆனா அவங்க வந்துட்டாங்கன்னா..."

வரமாட்டார்கள், கடையில் சூடாகப் பஜ்ஜி போடுகிறார்கள் என்றேன்.

ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தில், நாலடி முன்னால், சருகின்மேல் அது குதித்து வந்தது. தொலைநோக்கியே தேவைப்படவில்லை. அரங்கசாமி அசையவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அது ஒரு புழுவை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, தயங்கி நின்றது. எதிர்ப்புறப் புதருக்குப் போகவேண்டும் போலிருக்கிறது. இவர் கால் குறுக்கே இருந்தது.

அரங்கசாமி அந்தக் காலை மெதுவாகப் பின்னால் இழுத்தார். முதுகை முள் உரசும்வரை பாதையோரம் ஒதுங்கினார். பிறகு லேசாகக் குனிந்து, வலது கையை நீட்டி அதற்கு வழி காட்டினார்.